மாட்டுங்கா வரை ஒரே மூச்சு

பம்பாயில் ஒரே ஒரு மனிதரைக் கண்டு மாட்டுங்கா முழுவதும் எழுந்து ஓடியது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அவர் போலீஸ்காரர் இல்லை, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் இல்லை, கல்யாணத் தரகரும் இல்லை. ஒரு காலேஜில் விலங்கியல் வாத்தியார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, யாருக்கும் தீங்கு நினைக்காத மனசு. ஆனால் அவர் தெருமுனையில் திரும்பினால் போதும், பூக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்விடுவார். காப்பிக்கொட்டைக் கடையில் வறுக்காத கொட்டையைக்கூட மெஷினில் போட்டு அரைப்பார்கள், அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது என்பதற்காக. காரணம், அவருக்குப் பேசுவதற்கு உலகத்தில் ஒரே விஷயம்தான் இருந்தது. நரம்பு.

கணவாய் சார் என்று பெயர். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர் என்பதால் மலைக் கணவாயை வைத்து வந்த பெயராக்கும் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி இருந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். இது கடலில் நீந்துகிற கணவாய். பூண்டு போட்ட ரசத்தைக்கூடத் தள்ளி வைக்கிற மனிதருக்கு மீன் மார்க்கெட்டிலிருந்து பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளில் நான் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு லாட்ஜில் இருந்தேன். மாடியில் அறைகள், கீழே மெஸ். நடத்தியவரை நாங்கள் மெஸ் மாமா என்போம். எனக்கு ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. டைப் அடித்த கடிதங்களில் தப்புக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. என்னிடம் தப்புக் கண்டுபிடிக்கும் பொறுப்பை ஆபீசில் மற்ற எல்லோரும் ஏற்றிருந்தார்கள்.

எங்கள் மத்தியானச் சாப்பாட்டை மெஸ் மாமா கேரியர்களில் போட்டுக் காலையில் நடையில் வரிசையாக வைப்பார். டப்பாவாலா வந்து, மூடியில் பெயின்டால் எழுதியிருக்கும் குறியைப் பார்த்து எடுத்துப்போவார். குறியைப் பார்ப்பாரே தவிர மூடியைத் திறந்து பார்க்கமாட்டார். கணவாய் சாரின் வாழ்க்கை திசைமாறியது இந்த ஒரு காரணத்தால்தான்.

அன்று விடியற்காலையில் அவர் அலமாரியிலிருந்து கைக்கு வந்த காலிக் கேரியரை எடுத்துக்கொண்டு கொலாபா மீன்துறைக்குப் போயிருக்கிறார். அங்கே கோலி மீனவப் பெண்களிடம் ஒரு கணவாயை வாங்கி, ஐஸ் போட்டு, கேரியரில் அடைத்து, காலேஜுக்குப் போகுமுன் சட்டை மாற்றிக்கொள்ள லாட்ஜுக்கு வந்தார். மீனோடு மாடி ஏற மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. கேரியரை நடையில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கேரியர் என்னுடையது. என் கேரியரைக் காணாமல் மெஸ் மாமா என் சாப்பாட்டைச் சாரின் கேரியரில் போட்டு அதே வரிசையில் வைத்திருந்தார். டப்பாவாலா குறி பார்த்தார். கணவாய் என் ஆபீசுக்கு வந்தது. கத்திரிக்காய் சாம்பார் சாரின் குறியோடு காலேஜுக்குப் போனது. கீழே வந்து கேரியரைக் காணாத சார், கணவாய்தான் டப்பாவாலாவோடு காலேஜுக்குப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

எங்கள் ஹெட்கிளார்க் வெங்காயம்கூடச் சேர்க்காத குஜராத்தி. அவர் எதிரில் உட்கார்ந்துதான் தினமும் சாப்பிடுவேன். அன்று மூடியைத் திறந்தேன். உள்ளேயிருந்து, தட்டு மாதிரி பெரிய கண் ஒன்று எங்கள் இருவரையும் நிதானமாகப் பார்த்தது.

"யே க்யா ஹை?" என்றார் ஹெட்கிளார்க்.

"கூட்டு, சாப்" என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

"கூட்டு கோ ஆங்க் ஹோதா ஹை?"

கூட்டுக்குக் கண் உண்டா என்ற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அந்த வருஷம் எனக்கு இன்கிரிமென்ட்டும் இல்லை.

சாயங்காலம் கணவாய் சார் என் அறைக்குள் புயலாக வந்தார். "ஓய், என் கணவாயை என்ன பண்ணினீர்?"

"ஜன்னல் வழியா காக்காய்க்குப் போட்டேன் சார்."

"காக்காய்க்கா!" தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "மனுஷனோட நரம்பு நாரைப் பாக்கணும்னா மைக்ராஸ்கோப் வேணும். கணவாய்க்கு அது வெறுங்கண்ணுக்கே தெரியுமாக்கும். வெள்ளை நூல் மாதிரி! ஒரே ஒரு நார், ஓய்! பையன்களுக்குக் காட்டறேன்னு மேஜையைச் சுத்தி நிக்க வெச்சுட்டுத் திறந்தா, சாம்பார்!"

"சாம்பாரை என்ன பண்ணினேள்?"

சற்று யோசித்தார். "நன்னாத்தான் இருந்தது. அது வேற விஷயம்."

கணவாய் சார் என்ற பெயர் அன்றோடு அவருக்கு ஒட்டிக்கொண்டது. மெஸ் மாமா அன்றே பஞ்சாயத்துக் கூட்டினார். என் கேரியர் எடைக்குப் போடப்பட்டது. சாரின் கேரியரில் சிவப்புப் பெயின்டால் பெரிய பொட்டு ஒன்று வைக்கப்பட்டது. இனிமேல் அவர் சாப்பாட்டு ஹாலின் கோடியில், கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார வேண்டும் என்று தீர்ப்பு. மாமா யோசிக்காமல் செய்த பெரும்பிழை அது. சாப்பிட்ட ஒவ்வொருவனும் கைகழுவ அங்கேதான் போயாக வேண்டும். எச்சில் கையோடு எவனும் ஓட முடியாது.

ஒருநாள் வேரோடு பிடுங்கிய கொத்தமல்லிக் கொத்து ஒன்றை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இதோ பாரும், இதுதான் நியூரான். இலை பிரியற இந்த இடம் செல்லோட உடம்பு. மேலே கிளைகிளையா இருக்கே, அது டெண்ட்ரைட், சேதி உள்ளே வர வழி. இந்தத் தண்டு ஆக்ஸான், சேதி வெளியே போற வழி. உம்ம முதுகிலே ஆரம்பிச்சு கால் கட்டைவிரல் வரைக்கும் ஒரே செல்லோட தண்டு போறது. நடுவிலே ஒட்டே கிடையாது. தெரியுமோ?"

"தெரியாது சார். கையைக் கழுவிக்கறேன்."

"கழுவும். கழுவிண்டே கேளும். தண்டுக்கு உள்ளே பொட்டாசியம், வெளியே சோடியம். சோடியம் எப்படி நிக்கறதுன்னா, தாதர் பிளாட்ஃபாரத்திலே காலம்பற ஜனம் நிக்கற மாதிரி. கதவு திறந்ததோ இல்லையோ, முட்டி மோதிண்டு உள்ளே பாயும். அந்த இடத்திலே மட்டும் கரண்ட் தலைகீழா மாறிடும். அது பக்கத்துக் கதவைத் திறந்துவிடும். அங்கேயும் பாய்ச்சல். அது அடுத்த கதவை. அதுக்குள்ளே இங்கே பொட்டாசியம் வெளியே இறங்கி எல்லாம் பழையபடி ஆயாச்சு. ஆள் யாரும் ஓடலை, ஓய். நின்ன இடத்திலே உள்ளே ஏறறான், வெளியே இறங்கறான், அவ்வளவுதான். கதவு திறக்கிற சேதி மட்டும் கோடி வரைக்கும் ஓடிப்போறது!"

என் கை கழுவாமலேயே காய்ந்துவிட்டது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்ட லாட்ஜால் பொறுக்க முடியாமல் போனது ரேடியோ விவகாரம். ஹாலில் பொது ரேடியோ ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழ்ப் பாட்டுக்காக அத்தனை பேரும் கூடுவோம். ஒரு ஞாயிறு போய் உட்கார்ந்தால், கிராமபோன் மாட்டுகிற துளையில் ஒரு பிஸ்கட் டின் ஒயரோடு தொங்குகிறது. டின்னுக்குள் லாமிங்டன் ரோடில் வாங்கிய பழைய வால்வுகள். பக்கத்தில் ஒரு தக்கை. தக்கையில் இரண்டு குண்டூசிகளுக்கு நடுவே ஒரு கரப்பான்பூச்சியின் கால். கால் மட்டும்.

"எங்கேருந்து பிடிச்சீர் இதை?" என்றார் மெஸ் மாமா.

"உங்க கிச்சன்லேருந்துதான் மாமா. ஃபஸ்ட் கிளாஸ் சரக்கு."

கணவாய் சார் துடைப்பக்குச்சி ஒன்றால் அந்தக் காலிலிருந்த மயிரைத் தொட்டார். பாட்டு வரவேண்டிய ரேடியோவிலிருந்து 'பட்... பட்...' என்று கேட்டது. அழுத்தினார். 'படபடபட' என்று பொரிந்தது. விட்டார். மௌனம்.

"கேட்டேளா? செத்த கால்னு நினைக்காதீங்கோ, நரம்பு பேசறது! அழுத்தினா சத்தம் பெரிசாச்சோ? ஆகலை. எண்ணிக்கைதான் ஜாஸ்தியாச்சு. ஒவ்வொரு பட்டும் ஒரே அளவு. வந்தா முழுசா வரும். இல்லேன்னா வரவே வராது. அரைகுறைங்கற பேச்சே நரம்புக்குக் கிடையாது!"

"நம்ம லாட்ஜ் குழாய் மாதிரி இல்லேங்கறேள்" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

அதற்குள் ஒவ்வொருவராக எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் நான் மட்டும் இருந்தேன். விஞ்ஞான ஆர்வம் ஒன்றுமில்லை, என் வேட்டி நுனி நாற்காலிக் காலில் மாட்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு நன்றி. எனக்கு வேட்டியை இழுக்க மனசு வரவில்லை. அந்தக் கால் ஓய்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் வெளியே எதையோ தின்று எனக்கு வயிறு கெட்டது. சரியாகி, மறந்தும் போன பிறகு, ஒருநாள் பாதத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது. மறுநாள் ஸ்டேஷன் பாலத்துப் படியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் மறுநாள் காலையில் எழுந்து நிற்கலாம் என்று பார்த்தால், கால்கள் இரண்டும் இருந்தன, என்னுடையவையாக இல்லை.

லாட்ஜே என் கட்டிலைச் சுற்றி நின்றது. வாயு என்றார் மெஸ் மாமா. ஈரக் காற்று என்றார் எதிர் அறைக்காரர். கணவாய் சார் படியேறி வந்தார். கையில் மெஸ்ஸிலிருந்து எடுத்த மரக்கரண்டி. என் முழங்காலுக்குக் கீழே அதன் காம்பால் ஒரு தட்டுத் தட்டினார். கால் அசையவில்லை. இன்னொரு கால். அதுவும் இல்லை. மறுபடியும் தட்டினார். கணுக்காலில் தட்டினார். பிறகு கரண்டியை ஜன்னலில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

நரம்பைப் பற்றிப் பேச ஒரு பொன்னான சந்தர்ப்பம். அவர் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

"டாக்ஸி" என்றார் கடைசியில். "சீக்கிரம்."

ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். பிரெஞ்சுக்காரர்களின் பெயரில் உள்ள ஒரு நோய் என்றார் டாக்டர். பம்பாய்க்கு அப்பால் போகாத என் கால்கள் எனக்குத் தெரியாமல் பாரிஸ்வரை போயிருந்தன.

பொது வார்டில் என்னைப் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் சுடலைமுத்து என்று ஒரு திருநெல்வேலிக்காரர். தாராவியில் தோல் கிடங்கில் வேலை. தோல்கட்டு சரிந்து விழுந்து கால் முறிந்து, மாவுக்கட்டோடு கிடந்தார். சாயங்காலம் கணவாய் சார் வந்தார். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷம் மாட்டுங்காவே ஓடிய பிறகு, ஓட முடியாத ஒருவன் அவருக்குக் கிடைத்துவிட்டான்.

"ஓய், ஆக்ஸான்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கோ?"

"கொத்தமல்லித் தண்டு."

"அதுக்கு மேலே மைலின்னு ஒரு உறை உண்டு. ஒயருக்குத் துணி சுத்தின மாதிரி. ஆனா முழுக்க மூடாது, விட்டு விட்டு இடைவெளி இருக்கும். முன்னே சொன்னேனே கதவு, அது அந்த இடைவெளியிலே மட்டும்தான். அதனாலே சேதி எல்லா இடத்திலேயும் நிக்காது. ஒரு இடைவெளியிலேருந்து அடுத்ததுக்குத் தாவிடும். தாதரை விட்டா குர்லா. ஃபாஸ்ட் லோக்கல். உமக்கு என்ன ஆச்சுன்னா, வயித்திலே வந்த கிருமியைப் பிடிக்கப் போன உம்ம உடம்போட போலீஸ், ஆள் தெரியாம இந்த உறையைப் போட்டு அடிச்சிண்டிருக்கு. உறை போன இடத்திலே சேதி கசிஞ்சு, தேஞ்சு, நடுவழியிலே நின்னு போறது."

"சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவிலே மழைத் தண்ணி நின்னா வண்டி நிக்குமே, அந்த மாதிரியா?"

அவர் முக்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "ஓய்! புரிஞ்சிண்டீரே!"

அவர் வாழ்க்கையில் முதல்முதலாக ஒருவனுக்குப் புரிந்திருக்கிறது. புரிந்துகொள்ள நான் கொடுத்த விலையைப் பற்றி அந்த நிமிஷம் இருவருமே நினைக்கவில்லை. பிறகு நான் கேட்டேன்: "தண்டவாளம்?"

அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "அது இருக்குன்னுதான் டாக்டரும் நினைக்கறார், நானும் நினைக்கறேன். தண்டு அறுந்தா கஷ்டம். உறை மட்டும் போயிருந்தா மறுபடியும் வளரும். தண்ணி வடியறாப்போல, மெதுவா."

"எவ்வளவு மெதுவா?"

"மெதுவா" என்றார். அவ்வளவு சின்னப் பதிலை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

கிளம்புமுன் ஒரு விளையாட்டு ஆரம்பித்துவைத்தார். வி.டி.யிலிருந்து கல்யாண் வரை ஸ்டேஷன் பெயர்களை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு வாங்கக் கூடாது. வி.டி., மஸ்ஜித், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, பைகுல்லா என்று நான் பிடித்த பிடியில் தாணே தாண்டி டோம்பிவிலி வரை போனேன். பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் பாண்டுப்பில் நின்றேன். அதற்கு மறுநாள் காட்கோபர்.

"ஒரு நாளைக்கு ஒரு நாள் வண்டி சீக்கிரமா நிக்குதே அண்ணாச்சி" என்றார் சுடலைமுத்து.

"விளையாட்டுதானே."

அவர் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இது வெளாட்டு இல்ல அண்ணாச்சி. டாக்டரு அந்த சார்ட்ட சொன்னத நான் கேட்டுக்கிட்டுதான் கெடந்தேன். கால்ல புடிச்சது மேல ஏறி ஏறி வருதாம். நெஞ்சுக்கு வந்திட்டுன்னா மூச்சு இழுக்க முடியாதாம். ஒரே மூச்சுல எம்புட்டு எண்ணுதாருன்னு பாத்துக்கிட்டே இருங்கன்னாரு. எண்ணச் சொன்னா நீங்க பயந்திருவியன்னு அந்த சாருதான் டேசனா மாத்திட்டாரு. தாதரு தாண்டலேன்னா உடனே கூப்புடணுமாம். பொட்டிக்குள்ள படுக்க வச்சிருவாவளாம்."

அந்தப் பெட்டியை நான் பார்த்திருந்தேன். வார்டுக் கோடியில், துணி போட்டு மூடி நின்றது. தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, உடம்பு முழுவதையும் உள்ளே வைத்துப் பூட்டி, மூச்சை மெஷின் விடும்.

மறுநாள் நான் திருட்டுத்தனம் செய்தேன். பரேலில் உதட்டை அசைக்காமல் ஒரு சின்ன மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு விக்ரோலி வரை போனேன். கணவாய் சார் சந்தோஷப்படவில்லை.

"பரேல்லே வண்டி மாறினீரே, நான் பாத்தேன்."

"இல்லையே சார்."

"ஓய்." குரலைத் தாழ்த்தினார். "என்னை ஏமாத்தலாம், டாக்டரை ஏமாத்தலாம். நீர் நிஜமா எங்கே நிக்கறீரோ அது தெரிஞ்சாத்தான் நான் கூப்பிட முடியும். கூப்பிடத் தாமசமாச்சுன்னா..." என்று நிறுத்திவிட்டார். "மறுபடியும் சொல்லும். வி.டி."

மறுபடியும் சொன்னேன். குர்லாவில் நின்றேன்.

அதன்பிறகு அவர் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டார். பார்வையாளர் நேரம் என்று ஒன்று உண்டே, எப்படி வருகிறீர்கள் என்று கேட்டேன். வாட்ச்மேன் முதல்நாள் தடுத்தாராம். சார் அவரிடம் நரம்பைப் பற்றி ஹிந்தியில் சொல்லத் தொடங்கினாராம். மறுநாளிலிருந்து சார் தெருவில் வரும்போதே கேட் திறந்துவிடும்.

சிவப்புப் பொட்டுக் கேரியரில் ரசம் சாதம் கொண்டுவருவார். "மாமா கொடுத்துவிட்டார்" என்பார். தீட்டுக் கேரியரில் மாமா தன் கையாலேயே ரசம் ஊற்றியிருக்கிறார் என்றால் என் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரிந்தது. கரண்டி பிடிக்கக் கைக்கு வலுவில்லை. அவர்தான் ஊட்டுவார். ஊட்டும்போதும் பேச்சு நிற்காது. ஒரு நரம்பின் நுனிக்கும் அடுத்த நரம்புக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கிறது, கரண்ட் அதைத் தாண்டாது, நுனியிலிருந்து ஒரு மருந்து கசிந்து அந்தப் பக்கம் போய்ச் சொல்ல வேண்டும். தாதரில் ரயில் அப்படியே மேற்கு லைனுக்குப் போகாது, ஜனம்தான் இறங்கிப் பாலம் ஏறிப் போக வேண்டும் என்றார். வாயில் சாதத்தோடு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

சயான். பிறகு மாட்டுங்கா. அதற்குக் கீழே தாதர்தான்.

மாட்டுங்காவில் நின்ற அன்று டாக்டர் வந்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். பெட்டியைத் தள்ளிக்கொண்டுவந்து என் கட்டில் ஓரமாக நிறுத்தி, துணியை எடுத்துவிட்டார்கள். வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. சின்ன விஷயத்துக்கெல்லாம் வேடிக்கை எழுதுகிறவன் நான். அந்த இரும்புப் பெட்டியைப் பற்றி அன்றைக்கு எனக்கு ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

மறுநாளும் மாட்டுங்கா. வி.டி.யில் கிளம்பும்போதே மூச்சு பாதிதான் இருந்தது. கரி ரோடில் இருமல் வந்தது. பரேல் என்ற மூன்று எழுத்து மலை மாதிரி நின்றது. தாதர். மாட்டுங்கா. அவ்வளவுதான், குரல் விழுந்தது. கணவாய் சார் என் போர்வையைச் சரிசெய்துவிட்டு டாக்டரைத் தேடிப் போனார்.

சுடலைமுத்து மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, ஒண்ணு பாத்தியளா? நீங்க டேசன் சொல்லும்போது அந்த சாரும் மூச்சு விடுததில்ல. வாயப் பொத்திக்கிட்டு நிக்காரு. நீங்க நிப்பாட்டுன பொறவுதான் அவருக்கு மூச்சே வருது. மூஞ்சி செவந்து போவுது மனுசனுக்கு."

நான் பார்த்ததில்லை. என் கண் கூரையில் இருந்தது.

மூன்றாம் நாளும் மாட்டுங்காதான். இறங்கவில்லை. இறங்காமல் நிற்பதே நல்ல சேதி என்றார் டாக்டர். கணவாய் சார் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. நரம்பைப் பற்றிப் பேசுவதைக்கூடக் குறைத்துவிட்டார். எனக்கே அது ஒருமாதிரி இருந்தது.

"சார், அந்தக் கரப்பான்பூச்சிக் காலைப் பத்திச் சொல்லுங்கோ" என்றேன், திணறித் திணறி.

என்னைப் பார்த்தார். நானாகக் கேட்டு அவர் சொன்ன ஒரே பாடம் அது. உடம்பை விட்டு வந்த பிறகும் அந்தக் கால் எப்படிப் பேசியது, வந்தால் முழுசாகத்தான் வரும், அரைகுறையாக வராது என்று முதலிலிருந்து சொன்னார். நடுவில் நான் தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை. வி.டி., மஸ்ஜித், சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, பைகுல்லா, சின்ச்போக்லி, கரி ரோடு, பரேல், தாதர், மாட்டுங்கா... நெஞ்சில் எங்கோ ஒரு துளி பாக்கி இருந்தது.

"சயான்" என்றேன்.

"ஏ, சயான்லா!" என்று சுடலைமுத்து போட்ட கூச்சலில் வார்டு முழுவதும் திரும்பியது. என்ன ஏது என்று தெரியாமல் எதிர்க்கட்டில் மராத்திக் கிழவர் கைதட்டினார். கணவாய் சார் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, விடாமல் வைத்திருந்த மூச்சை நீளமாக விட்டார்.

அதற்குப் பிறகு வண்டி மெதுவாக, ஆனால் நிற்காமல் போனது. குர்லா. காட்கோபர். பெட்டிமேல் மறுபடி துணியைப் போட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருநாள் முலுண்டில் நின்றபோது, அசதியில் சுனாபட்டி என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"அது ஹார்பர் லைன், வேற வண்டி!" என்று சீறினார் கணவாய் சார். அவருக்குக் கோபம் வரத் தொடங்கிவிட்டது என்பதால் நான் பிழைத்துக்கொள்வேன் என்று எனக்குத் தெரிந்தது.

கை வந்தது, தொடை வந்தது, கால் வந்தது. கட்டைவிரல்தான் கடைசி. "அதுதான் டெர்மினஸ், நாளாகும்" என்று தினமும் அதையே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். தீபாவளிக்கு இரண்டு கழிகளை ஊன்றிக்கொண்டு லாட்ஜுக்குத் திரும்பினேன். பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு ஹாலில் நான் உட்கார்ந்திருந்தபோது, வழக்கம்போல மரக்கரண்டியை எடுத்துவந்து முழங்காலுக்குக் கீழே தட்டினார். அத்தனை மாதம் மரக்கட்டையாக இருந்த கால் துள்ளி எழுந்து, ரசவாளியோடு குனிந்துகொண்டிருந்த மெஸ் மாமாவின் கையை உதைத்தது. வாளி பறந்தது. ரசம் முழுவதும் கணவாய் சாரின் வெள்ளைச் சட்டையில்.

"அபிஷ்டு! ரசம்டா!" என்று அலறினார் மாமா.

"ரசம் இல்லே மாமா, ரிஃப்ளெக்ஸ்!" சட்டையில் கறிவேப்பிலையோடு அவர் ஆட ஆரம்பித்துவிட்டார். "பாத்தேளா? எல்லாரும் பாத்தேளா? ஓய், இன்னொரு தடவை!"

அன்று ஹாலில் ஒருவனும் எழுந்து ஓடவில்லை. மாமா கணவாய் சாரின் இலையைத் தொட்டிப் பக்கத்திலிருந்து எடுத்து எங்கள் வரிசையில் போட்டார். அடுத்த வாரமே எல்லோரும் வருந்தினார்கள், அது வேறு.

சில வருஷம் கழித்து அவர் ஊர்ப்பக்கம் ஒரு காலேஜில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வருஷத்துக்கு ஒரு கார்டு வரும். நலமா என்று கேட்டிருக்கமாட்டார். 'இப்போது எதுவரை?' என்று ஒரே வரிதான் இருக்கும். நானும் 'கல்யாண்' என்று ஒரு வார்த்தை எழுதிப் போடுவேன். போன மழைக்காலத்தில் அவர் காலமானதாகச் செய்தி வந்தது.

நான் இப்போது இருப்பது பாண்டுப்பில். ஆபீஸ் விட்டு வி.டி.யில் ஏறியதும், பழக்கதோஷம், ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு மனசுக்குள் ஸ்டேஷன்களைச் சொல்லத் தொடங்குவேன். கல்யாண்வரை தாராளமாகப் போகிற மூச்சு. மாட்டுங்காவில் மட்டும் ஒரு கணம் நின்றுவிடுகிறது. நரம்பில் கோளாறு ஒன்றும் இல்லை.